கடத்தினவன் ஏன் சார்ஜ் போட்டான்?

அத்தியாயம் நான்கு

அஸ்வர் பொத்தானை அமத்தினான். ஒரு சத்தமும் இல்லை. இன்னொருக்கா அமத்தினான். ம்ஹூம். மூன்றாந்தரமும் அமத்திப்போட்டு ஸ்டியரிங்கில் ஒரு குத்து விட்டான்.

“செத்துப்போச்சு அக்கா!”

“ஒண்டும் சாகேல்லை. முதல் அமத்தினதிலயே ஸ்டார்ட் ஆனது. ரெண்டாந்தரம் நிப்பாட்டினாய். இப்ப திரும்ப ஸ்டார்ட் ஆக்கி வைச்சிருக்கிறாய். அங்கை பார், பச்சையா எரியுது. கையை எடு,” என்றாள் கமலாசனி.

பதினொரு வருசம் ஓட்டோ ஓடினவன் அஸ்வர். அவனுடைய ஓட்டோ மாங்குளம் சந்தியில் ஸ்டார்ட் எடுத்தால் ஸ்டேசனில் ரயிலுக்கு நிற்கிற சனம் திரும்பிப் பார்க்கும். சத்தமே போடாத ஒரு வாகனத்தை அவன் எப்படி நம்புவான்? இந்த வெள்ளைக் குட்டி மின்சாரக் கார் கமலாசனியிடம் வந்தது நேற்றுப் பின்னேரம். பெற்றோல் வேண்டாம், கியர் வேண்டாம், ஒயில் மாத்த வேண்டாம் என்று அடுக்கி விற்றவன், என்ன வேண்டும் என்பதை மட்டும் சொல்லாமல் போய்விட்டான்.

கமலாசனிக்குத் தொழில் துப்பறிவது. முன்பு காப்புறுதிக் கொம்பனி ஒன்றுக்காகப் பொய் விபத்துகளைப் பிடித்துக் கொடுத்தவள். இப்போது மாங்குளம் சந்தியில் பர்வின் மாமியின் பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் சொந்தக் கந்தோர். அவளுக்கு மூளை உண்டு, கச்சான் கொறிக்கிற பழக்கம் உண்டு, பேச்சு குறைவு. அந்தக் குறையை நிரப்பத்தான் அஸ்வர்.

“பற்றரி அம்பத்தஞ்சு எண்டு காட்டுது அக்கா. ராத்திரி முழுக்கப் பிளக்கில கிடந்தது. நேற்றும் அம்பத்தஞ்சுதான்.”

கமலாசனி இறங்கினாள். சுவரில் தொங்கிய சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது.

“விளக்கு எரிஞ்சது, ஏறுது எண்டு நினைச்சுப் படுத்திட்டன்,” என்றாள். அவள் பிழை விடுவது அபூர்வம். விட்டால் உடனே ஒப்புக்கொள்வாள்.

கடைக்குள்ளிருந்து பர்வின் மாமி வாளியோடு வந்தார். “சிவப்பு எரிஞ்சா ஏறாது பிள்ள. எர்த் காஞ்சு போய்க் கிடக்கு. இந்த வெயிலுக்கு நிலத்தில ஈரம் எங்க? நேத்து ஃப்ரிட்ஜில கை வைச்சன், சாதுவா அடிச்சிச்சு.”

சுவரோரம் பச்சை வயர் ஒன்று இறங்கி, நிலத்தில் அடித்த கம்பியில் முடிந்தது. அதுதான் எர்த். மாமி அந்தக் கம்பியடியில் ஒரு வாளி ஊற்றினார். மண் ஒரே உறிஞ்சில் குடித்தது. இரண்டாவது வாளி ஊற்றி முடியச் சிவப்பு விளக்கு அணைந்து பச்சை எரிந்தது.

“காருக்குத் தண்ணி காட்டின முதல் ஆள் நீங்கதான் மாமி,” என்றான் அஸ்வர்.

பின் சீற்றில் இருந்த துசியந்தனுக்குச் சிரிப்பு வரவில்லை. பாவம், எப்படி வரும்? அவன் கட்டப்போகிற பெண்ணை விடியற்காலையிலிருந்து காணவில்லை. முல்லைத்தீவிலிருந்து மோட்டார் சைக்கிளில் பறந்து வந்து இவர்களைப் பிடித்திருக்கிறான்.

“ஏற விட்டுப் பார்த்துக்கொண்டு நிக்க நேரமில்லை,” என்று கமலாசனி சார்ஜரைக் கழற்றினாள். “இருக்கிறதோட போவம். அஸ்வர், பிரேக்கில காலை வைச்சு, அந்தக் குமிழை முன்னுக்குத் திருப்பு. தம்பி, நீங்கள் மேலை கந்தோரில சொன்னதை இன்னொருக்கா, சுருக்கமா.”

கார் சத்தமில்லாமல் நகர்ந்ததில் அஸ்வர் பயந்து பிரேக்கை மிதித்தான். மூவரும் முன்னுக்கு விழுந்து எழும்பினார்கள். பிறகு ஒருமாதிரி ஒட்டுசுட்டான் றோட்டில் ஏறினார்கள்.

துசியந்தன் சொன்னான். அவன் கட்டப்போகிறவள் பெயர் ஜெயரூபினி. அவளுடைய அண்ணன் சுஜிதனை இரண்டு வருசத்துக்கு முன் நாயாற்றுப் பக்கம் ஒரு மணல் டிப்பர் அடித்துக் கொன்றது. மோட்டார் சைக்கிளில் அவனுக்குப் பின்னால் இருந்தவள் ஜெயரூபினி. டிப்பர் முதலாளி ரஜிதன், அதை ஓடினது தான் இல்லை, கூலிக்கு வந்த சாரதி என்கிறான். ஓடினது ரஜிதனேதான் என்று கண்ணால் கண்டவள் இவள் ஒருத்தி. இன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு முல்லைத்தீவு நீதிமன்றத்தில் அவளுடைய சாட்சி. போனமுறை காய்ச்சல் என்று தவணை எடுத்தாயிற்று. இனித் தவணை கிடையாது. இன்று அவள் கூண்டில் ஏறாவிட்டால் ரஜிதன் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போவான்.

“விடியக் கோயிலில மெழுகுதிரி கொளுத்திப்போட்டு வாறன் எண்டு காரை எடுத்துக்கொண்டு போனவளாம். போனவள் போனவள்தான். போனும் வேலை செய்யேல்லை. பொலிசில சொல்லி, அவையும் தேடுகினம். அவளின்ரை அம்மா இராசாத்தி மாமி ஒரே அழுகை. அக்கா, அவள் உயிரோட இருக்கிறாளோ?”

“முதல் காரைப் பற்றிச் சொல்லுங்கோ.”

“இதே கார்தான் அக்கா, இதே வெள்ளை. நான்தான் பார்த்து வாங்கிக் குடுத்தனான். அந்தக் காரின்ரை செயலி என்ரை போனில இருக்கு. இடம் காட்டுறதை ரஜிதன்ரை ஆக்களுக்குப் பயந்து அவளே நிப்பாட்டி வைச்சிட்டாள். பற்றரி மட்டும் காட்டும். இப்ப நாப்பத்தெட்டு. ஏறிக்கொண்டிருக்கு.”

“ஏறிக்கொண்டிருக்கு!” என்று கமலாசனி மெல்லச் சொன்னாள். அவள் கையில் இருந்த கச்சான் வாய்க்குப் போகவில்லை.

அஸ்வர் கண்ணாடியில் துசியந்தனைப் பார்த்தான். செயலி இவனிடம், கார் வாங்கிக் கொடுத்தவன் இவன், கதை சொல்லுறவனும் இவன். அஸ்வருக்கு இவன் மேல் ஒரு சந்தேகக் கண் விழுந்தது. வாயை மட்டும் அபூர்வமாக அடக்கிக்கொண்டான்.

ஒட்டுசுட்டானுக்கு இந்தப் பக்கம் மாடுகள் நடுறோட்டில் படுத்திருந்தன. ஓட்டோவின் சத்தத்துக்கு அரைக் கட்டைத் தூரத்துக்கு முன்பே எழும்புகிற மாடுகள் இந்தக் காரைத் திரும்பியும் பார்க்கவில்லை. கோன் அடித்து, கெஞ்சி, ஒருமாதிரி வெட்டி எடுத்து, விட்ட நேரத்தைப் பிடிக்க அஸ்வர் காலை ஊன்றினான். பற்றரி எண் மளமளவென்று இறங்கியது.

“டேய், காலைச் சாதுவா எடு. எடுக்கேக்க கொஞ்சம் கரண்ட் திரும்பிப் பற்றரிக்கு ஏறும். ஏசியையும் நிப்பாட்டு.”

“வேலை செய்யாமல் இருந்தால் வருமானம் வருது. நல்ல உத்தியோகம் பார்க்கிற கார் அக்கா இது.”

“இருக்கிற சார்ஜ் போகக் காணும். திரும்பி வரக் காணாது. அதை நினைச்சுக்கொண்டு ஓடு.”

அஸ்வர் ஏசியை நிப்பாட்டினான். பெற்றோல் முடிந்தால் போத்தலோடு நடக்கலாம். கரண்ட் முடிந்தால் எதோடு நடப்பது?

“நிண்டிட்டுது!” என்று பின்னாலிருந்து துசியந்தன் கத்தினான். “அவளின்ரை கார் ஏறுறது நிண்டிட்டுது! கழட்டிக்கொண்டு போறாங்கள் அக்கா!”

“பதறாதேங்கோ. பிளக் கழண்டது எண்டு காட்டுதோ?”

“இல்லை. குத்தித்தான் கிடக்கு எண்டு காட்டுது. கரண்ட் மட்டும் வரேல்லை.”

“அப்ப அந்த ஊரில கரண்ட் போயிருக்கு.” கமலாசனி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அஸ்வர், இப்ப எந்த ஊரில கரண்ட் போனது எண்டு ஆருக்குத் தெரியும்?”

“மின்சாரக்காரருக்கு முதல் ஐஸ்காரருக்குத் தெரியும் அக்கா.”

முல்லைத்தீவுக் கரை முழுக்க மீன் எடுத்து ஐஸ் அடித்து அனுப்புகிற மீராசாகிபு அவனுக்கு மச்சான் முறை. துசியந்தன் போனைப் பிடிக்க, அஸ்வர் கத்திக் கேட்டான்.

“கொக்கிளாய்ப் பக்கம் மட்டும்தான்டா!” என்று போனுக்குள் மீராசாகிபு எரிந்து விழுந்தார். “கம்பியில தென்னை மட்டை விழுந்து போனது. மற்ற இடமெல்லாம் இருக்கு. என்ரை ஐஸ் தண்ணியாகுது, நீ விசாரணை நடத்துறாய்!”

சற்று நேரத்தில் துசியந்தனுடைய போனில் மீண்டும் சார்ஜ் ஏறத் தொடங்கியது. அடுத்த நிமிசம் மீராசாகிபுவே போன் எடுத்து, கரண்ட் வந்துவிட்டது, இனித் தன்னைத் தொந்தரவு செய்யவேண்டாம் என்றார்.

“கொக்கிளாய்,” என்றாள் கமலாசனி. “அங்கை ஆர் இருக்கினம் தம்பி?”

“இராசாத்தி மாமியின்ரை அண்ணர் மரியநாயகம். ஆனால் அவர் வீட்டைப் பூட்டிப்போட்டுத் தொழிலுக்கு மன்னாருக்குப் போய் ரெண்டு மாசமாம்.”

“ஆர் சொன்னது?”

“மாமிதான்.”

போகிற வழியில் முல்லைத்தீவில் ஜெயரூபினியின் வீட்டுக்குள் ஒரு தரம் நுழைந்தார்கள். சுவரில் சுஜிதனுடைய படம், அதன் கீழே சின்னச் சிவப்பு மின்குமிழ். அதற்குக் கீழே தரையில் இராசாத்தி இருந்தா. கண் வீங்கிப்போயிருந்தது. அந்தப் படத்தையும் அந்தத் தாயையும் ஒரே பார்வையில் பார்த்த அஸ்வர், தன்னுடைய இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் பத்திரமாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

கமலாசனி எதையும் குடைந்து கேட்கவில்லை. குசினி வாசலில் வெறும் ஆணி ஒன்று இருந்தது. அதைப் பார்த்தாள்.

“சார்ஜர் பெட்டி அதிலதான் தொங்கும்,” என்றான் துசியந்தன்.

“அவள் கொண்டுபோயிருப்பாள்,” என்றா இராசாத்தி.

“மெழுகுதிரி கொளுத்தப் போறவள் சார்ஜரையும் கொண்டு போறவளோ அம்மா?”

இராசாத்தி சீலைத் தலைப்பால் முகத்தை மூடினா. அழுகை கூடியது. துசியந்தன் கமலாசனியை முறைத்தான். வெளிக்கிடும்போது இராசாத்தி வாசல்வரை வந்து, ஒன்றே ஒன்று கேட்டா.

“வழக்கு எத்தினை மணியோட முடியும் பிள்ளை?”

“நாலு மணிக்குப் பிறகு நடக்காது அம்மா.”

“நாலு மணி,” என்று திருப்பிச் சொல்லிவிட்டு இராசாத்தி உள்ளே போனா.

அஸ்வர் காரில் ஏறினான். பற்றரி முப்பதுக்குக் கிட்ட. முன்னால் கடலோர றோட்டு, வெயில், வெள்ளை மணல். நாயாற்றுப் பாலம் கண்ணில் பட்டபோது அவன் கால் தானாகவே தளர்ந்தது. பாலத்துக்கு இந்தப் புறம் ஒரு டிப்பர் நின்றது. பெட்டியில் ஒரு பிடி மணல் இல்லை. இரண்டு பேர் இறங்கி நின்று, வருகிற வாகனத்தையெல்லாம் குனிந்து பார்த்தார்கள்.

“தம்பி, சீற்றுக்குக் கீழை படுங்கோ,” என்றாள் கமலாசனி. துசியந்தன் சுருண்டான்.

வெள்ளைக் காரைக் கண்டதும் அந்த இருவரும் ஓடியே வந்தார்கள். ஒருவன் பொனற்றில் கையை வைத்தான். கமலாசனி கண்ணாடியை இறக்கினாள்.

“தம்பியவை, கொக்கிளாயில நல்ல இறால் ஆரிட்ட எடுக்கலாம்? பெரிசா வேணும். வீட்டில விசேசம்.”

அவன் அவளைப் பார்த்தான், அஸ்வரைப் பார்த்தான். முகத்தில் ஏமாற்றம். ஒன்றும் சொல்லாமல் கையை எடுத்தான். அஸ்வர் பாலத்தைத் தாண்டி வளைவில் திரும்பினான்.

“ரஜிதன்ரை ஆக்கள்,” என்று கீழே இருந்து துசியந்தன் நடுங்கினான். “அவங்கள்தான் பிடிச்சு வைச்சிருக்கிறாங்கள்!”

“பிடிச்சு வைச்சிருக்கிறவன் ஏன் வெயிலுக்கை நிண்டு தேடுறான்? அவங்களிட்ட அவள் இல்லை.”

“அப்ப ஆரிட்ட?”

அஸ்வர் கண்ணாடியில் மறுபடி துசியந்தனைப் பார்த்தான். ரஜிதன் இல்லையென்றால் மிச்சம் இவன்தானே?

கொக்கிளாயில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. ஆம்பிளைகள் வேறு கரைக்குத் தொழிலுக்குப் போகிற காலம். கடலோரக் களப்புப் பக்கமிருந்து உப்புக்காற்று அடித்தது. மரியநாயகத்தின் வீட்டு முன்கதவில் பூட்டு, பூட்டில் துரு. முற்றத்தில் கூட்டாத சருகு. பக்கத்தில் வலை போடுகிற கொட்டில், அதையும் மட்டையால் மறைத்துக் கட்டியிருந்தது. துசியந்தன் இறங்கிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தொங்கிய தலையோடு வந்தான்.

“நான் சொன்னனானே. ஒருத்தரும் இல்லை.”

பற்றரி பதினொன்று. நீதிமன்றத்தில் சாப்பாட்டு இடைவேளை தொடங்குகிற நேரம். அஸ்வர் காரைத் திருப்பப் பின்னுக்குப் பார்த்தான். வீட்டின் பக்கச் சுவரடியில் ஐந்தாறு காகங்கள் குனிந்து குனிந்து எதையோ குடித்துக்கொண்டிருந்தன.

காகம் என்ன குடிக்குது? மழை பெய்து எத்தனை மாசம்? வாழையும் இல்லை, பூங்கண்டும் இல்லை. ரெண்டு மாசம் பூட்டின வீட்டுச் சுவரடியில் தண்ணி எப்படி வந்தது?

அவன் பிரேக்கை மிதித்தான். “அக்கா! பர்வின் மாமி!”

“என்னடா, மாமிக்கு என்ன?”

“அந்தச் சுவரடியைப் பாருங்கோ! பச்சை வயர் இறங்குது. எர்த் கம்பி! ஆரோ எர்த்துக்குத் தண்ணி ஊத்தியிருக்கினம் அக்கா. இப்பத்தான். சிவப்பு எரிஞ்சிருக்கு, ஏறேல்லை, ஊத்தியிருக்கினம்!”

கமலாசனி அவனைத் திரும்பிப் பார்த்தாள். “சம்பளம் கூட்டித்தரச் சொல்லிக் கேட்கப் போறாய் போல.”

மூவரும் சத்தமில்லாமல் இறங்கினார்கள். கொட்டில் மட்டையை அஸ்வர் விலக்கினான். பழைய வலைகளால் மூடியபடி வெள்ளைக் குட்டிக் கார். யன்னலால் வந்த கேபிள் அதில் குத்தியிருந்தது. பெட்டியில் பச்சை விளக்கு அமைதியாக எரிந்தது. துசியந்தன் காரைத் தொட்டுப் பார்த்து விம்மினான். அந்த விம்மலைக் கேட்டதும், இவனைச் சந்தேகப்பட்டதற்கு அஸ்வர் மனதுக்குள் தன்னையே ஏசினான்.

“கதவை உடைப்பம்,” என்றான் துசியந்தன். கையில் தோணி வலிக்கிற சவள் ஒன்றைத் தூக்கிவிட்டான்.

“வைய்யுங்கோ கீழை. ஒண்டு மட்டும் யோசியுங்கோ. ஒருத்தியைக் கடத்தினவன் அவளின்ரை காரை என்ன செய்வான்? களப்புக்கை தள்ளுவான், காட்டுக்கை விடுவான், எரிப்பான். எர்த்துக்குத் தண்ணி ஊத்தி, விளக்குப் பச்சையாகுமட்டும் பார்த்து நிண்டு சார்ஜ் போடுவானோ? கடத்தினவனுக்கு ஏன் அந்த அக்கறை?”

“ஏன்?”

“அவள் திரும்ப அந்தக் காரில போகவேணும். தூரம் போகவேணும். நாலு மணிக்குப் பிறகு.”

நாலு மணி! அஸ்வருக்குப் பிடரியில் அடித்தது போல இருந்தது. பிள்ளையைக் காணாத தாய், பிள்ளை கிடைப்பாளோ என்று கேட்கவில்லை. வழக்கு எப்ப முடியும் என்றுதான் கேட்டவா.

கமலாசனி பின்கதவடியில் போய் நின்று, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள். “மரியநாயகம் அண்ணை! மன்னாரில இருந்து எப்ப வந்தனீங்கள்? கதவைத் திறவுங்கோ. இராசாத்தி அக்காவைக் கண்டிட்டுத்தான் வாறம்.”

பிறகு தாழ்ப்பாள் கழன்றது. சாரம் கட்டிய, மீசை நரைத்த, வாட்டசாட்டமான மனிசன் ஒருவர் நின்றார். கண் சிவந்திருந்தது. எதிர்க்கவில்லை, ஓடவில்லை.

“நான் என்ன செய்ய பிள்ளை?” என்றார். “ராத்திரித்தான் மன்னாரில இருந்து வந்தனான். விடிய என்னையும் ஏத்திக்கொண்டு கொக்கிளாய்க் கோயிலுக்குப் போ எண்டு தங்கச்சிதான் இவளை அனுப்பினவள். சார்ஜரையும் டிக்கிக்கை ஒளிச்சு வைச்சு விட்டிருக்கிறாள். போனைப் பறி, உள்ளுக்கை விட்டுப் பூட்டு, பொழுதுபட மன்னாருக்கு அனுப்பு எண்டு என்ரை காலில விழுந்தவள். முந்தநாள் ரஜிதன்ரை ஆக்கள் வீட்டு வாசல்ல வந்து, ஒரு படத்துக்குப் பக்கத்தில இன்னொரு படம் மாட்ட இடம் இருக்கோ எண்டு கேட்டிட்டுப் போயிருக்கிறாங்கள்.”

உள்ளறையைத் திறந்தார். கட்டிலில் ஜெயரூபினி. நீதிமன்றத்துக்கென்று உடுத்திய வெள்ளைச் சுடிதாரோடேயே இருந்தாள். துசியந்தனைக் கண்டதும் எழும்பினாள்.

“நீ ஏன் கத்தேல்லை?” என்று அவன் அழுதான்.

“நீ கத்தினால் நான் உயிரோட இருக்கமாட்டன் எண்டு அம்மா மாமாவின்ரை போனில சொன்னவா. நான் என்னெண்டு கத்த?”

கமலாசனி அஸ்வரின் போனை வாங்கி, துசியந்தன் சொன்ன இராசாத்தியின் எண்ணை அடித்து, எல்லோருக்கும் கேட்கப் போனை நடுவில் வைத்தாள். “அம்மா, பிள்ளை பத்திரமா இருக்கிறா. இனி நீங்கள்தான் சொல்லவேணும்.”

“ஒண்டைக் குடுத்திட்டன் பிள்ளை,” என்றா இராசாத்தி. “ரெண்டு பெத்தனான். இருக்கிற ஒண்டையும் கொண்டா எண்டு கேக்கிறியளே. உங்களுக்கு நீதி வேணும். எனக்குப் பிள்ளை வேணும்.”

அந்தத் தாய் சொல்வதில் என்ன பிழை?

ஜெயரூபினி போனுக்குக் கிட்ட வந்தாள். “அம்மா, விழேக்க அண்ணா என்ரை கையைப் பிடிச்சிருந்தவன். ஆஸ்பத்திரி போகுமட்டும் விடேல்லை. கண்டதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கையை நான் என்னம்மா செய்ய? பயம்தான். எனக்கும் பயம்தான். ஆனால் நான் போகவேணும். நீங்கள் வேண்டாம் எண்டால் நான் இஞ்சையே இருக்கிறன். நீங்களே சொல்லுங்கோ.”

போன் கட்டாகிவிட்டதோ என்று அஸ்வர் எட்டிப் பார்த்தான்.

“பிளக்கைக் கழட்டேக்க,” என்று இராசாத்தியின் குரல் உடைந்து உடைந்து வந்தது, “முதல் சுவிச்சை நிப்பாட்டு பிள்ளை. அவசரத்தில நீ எப்பவும் மறக்கிறனி.”

ஜெயரூபினி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு எழும்பிப் போய் முதலில் சுவிச்சை நிப்பாட்டினாள்.

அவளுடைய காரில் எழுபது. அவர்களுடைய காரில் பதினொன்று. நடுவில் நாயாற்றுப் பாலம், பாலத்தடியில் டிப்பர். பொலிஸ் வருமட்டும் பார்த்திருக்க நேரமில்லை.

“ஒரே வெள்ளை, ஒரே கார்,” என்று கமலாசனி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். “அஸ்வர், பதினொண்டில எவ்வளவு தூரம் போவாய்?”

“நாயாறு மட்டும் போவன் அக்கா. அதுக்கங்காலை தள்ளித்தான்.”

“அதுக்கங்காலை போகத் தேவையில்லை. பிள்ளை, உங்கடை சால்வையைத் தாங்கோ.”

அஸ்வர் ஓட, முன்சீற்றில் எல்லோருக்கும் தெரியத் துசியந்தன். பின்சீற்றில் ஜெயரூபினியின் நீலச் சால்வையால் தலையை மூடிக்கொண்டு மரியநாயகம். அந்த நேரத்திலும் அஸ்வருக்கு அடக்க முடியவில்லை. “அண்ணை, மீசையைக் கொஞ்சம் உள்ளுக்கை இழுங்கோ. பொம்பிளை பார்க்க வந்தவை பயந்திடுவினம்.” மரியநாயகம் சிரிக்கவில்லை. நாயாற்றுக் கரையிலுள்ள மீன்பிடி வாடியில் தொழில் செய்கிற தன்னுடைய ஆட்களுக்குப் போனில் ஒரு சொல் சொல்லிவிட்டுத்தான் ஏறினார்.

பின்னால், நல்ல தூரம் விட்டு, கமலாசனி மற்றக் காரை ஓடிவந்தாள். அதில் ஜெயரூபினி சீற்றுக்குக் கீழே.

பாலம் தெரிந்தது. ஏழு, ஆறு, ஐந்து. காரின் முகப்பில் ஆமைப் படம் ஒன்று மஞ்சளாக எரியத் தொடங்கியது. ஆமை எரிந்தால் இனி ஓட்டமில்லை, ஊர்தல்தான். யா அல்லாஹ், இன்னும் கொஞ்சத் தூரம்.

பாலத்தைத் தாண்டியதும் அவர்கள் கண்டுவிட்டார்கள். முன்சீற்றில் துசியந்தன், பின்னால் நீலச் சால்வை. ஒருவன் கையைக் காட்டிக் கத்தினான். டிப்பர் உறுமிக்கொண்டு கிளம்பியது. அஸ்வர் றோட்டை விட்டுக் கடற்பக்கம் போகிற ஒடுங்கிய மணல் பாதைக்குள் வெட்டினான். டிப்பரும் பின்னாலேயே விழுந்தது. கண்ணாடி முழுக்க அதன் முகம் மட்டும்தான் தெரிந்தது. இதே முகத்தைத்தான் சுஜிதனும் கடைசியாகப் பார்த்திருப்பான்.

வாடி வாசலில் கார் நின்றது. அவன் நிப்பாட்டவில்லை. அதுவாகவே, சத்தமில்லாமல், மூச்சை விட்டது. முகப்பில் எண் இல்லை.

இரண்டு பேரும் குதித்து ஓடிவந்து பின்கதவைப் பிய்த்துத் திறந்தார்கள். ஒருவன் சால்வையைப் பிடித்து இழுத்தான். நரைத்த மீசையோடு மரியநாயகம் நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன தம்பி, என்னைக் கட்டப்போறியோ?”

அவன் பின்வாங்கினான். திரும்பிப் பார்த்தால், வாடிக்குள்ளிருந்து பத்துப் பதினைந்து பேர் வலைக்கயிற்றோடு வந்து பாதையை அடைத்து நின்றார்கள். அப்பால், பாலத்தின் மேல், இன்னொரு வெள்ளைக் குட்டிக் கார் ஒரு சத்தமும் இல்லாமல் முல்லைத்தீவுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அதை டிப்பர்காரன் கண்டபோது அது வளைவில் மறைந்துவிட்டது.

அஸ்வர் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினான். பயத்தில் குரல் நடுங்கினாலும் வாய் விட்டதா? “அண்ணே, கிட்டடியில எங்கையும் நல்ல எர்த் உள்ள பிளக் இருக்கோ?”

டிப்பர் பின்னுக்கு எடுத்து எடுத்துத்தான் வெளியேறியது. அதற்குப் பிறகுதான் கொடுமையான பகுதி தொடங்கியது: காத்திருப்பது. வாடிக்காரர் தேத்தண்ணி கொடுத்தார்கள். துசியந்தன் ஒரு வாய் குடிக்கவில்லை. கமலாசனியின் போன் நீதிமன்றத்துக்குள் வேலை செய்யாது. வெயில் சாயத் தொடங்கியது.

அஸ்வரின் போன் அடித்தபோது மூவரும் துள்ளி எழும்பினார்கள். மத்தியானம் கொக்கிளாயில் எடுத்த அதே எண். இராசாத்தி.

“தம்பி, அந்த வெள்ளைக் கார் ஓடினவர் நீங்கள்தானே?”

“ஓம் அம்மா.”

“பிள்ளை சொல்லி முடிச்சிட்டாள். நானும் வந்து நீதிமன்றக் கதவடியில நிண்டு பார்த்தனான். அவனை நேர பார்த்துக் கையை நீட்டி, இவர்தான் ஓடினவர் எண்டு சொன்னவள். குரல் நடுங்கேல்லை தம்பி. எனக்குத்தான் கால் நடுங்கினது.” கொஞ்ச நேரம் அழுதா. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வீட்டு வேலை சொல்கிற குரலில் சொன்னா. “உங்கடை காருக்குச் சார்ஜ் முடிஞ்சுதாமே. ஒரு இடமும் போயிடாதேங்கோ. நானும் பிள்ளையும் சார்ஜரைக் கொண்டுவாறம். அங்கை நிலம் காஞ்சு கிடக்கும், எர்த்துக்கு ரெண்டு வாளி ஊத்தி வையுங்கோ.”

அஸ்வர் போனை வைத்தான். துசியந்தனுக்கு ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. அவன் மணலில் குந்தியிருந்து அழுதுகொண்டிருந்தான். அஸ்வர் வாடிக்காரரிடம் ஒரு வாளி கேட்டு வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனான்.